நவஹோ கல்லிழைத்த வெள்ளி நகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிசோனாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கிராண்ட் கேன்யன் பார்க்க வரும் உறவினர்களும் நண்பர்களும், திரும்பும் வழியில் சாலையோரக் கடைகளில் நீலக் கல் பதித்த மோதிரமோ காப்போ வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டு, ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கூடுமானவரை கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே விட்டிருக்கிறேன்.

நவஹோ என்பது ஊர்ப் பெயரா, கம்பெனிப் பெயரா?

இரண்டும் இல்லை, அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் ஒரு பழங்குடி மக்களின் பெயர். அவர்கள் தங்கள் மொழியில் தங்களைத் ‘தினே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மக்கள் என்பது அதன் பொருள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் விரிந்திருக்கும் நவஹோ தேசத்தின் பரப்பு சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்குச் சற்று மேல். அதற்குத் தனி அரசு உண்டு. விண்டோ ராக் என்ற சிற்றூர் அதன் தலைநகர். நகை செய்பவர்களின் பட்டறை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். விற்பனைக்கு மையமாக இருப்பது, நவஹோ தேசத்தின் எல்லையை ஒட்டிய கேலப் என்ற நியூ மெக்சிகோ நகரம்.

வெள்ளி வேலை இவர்களுடைய ஆதித் தொழிலா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் அதன் வயது இருநூறு ஆண்டுகூட இல்லை. ஐரோப்பியர் வருவதற்கு முன் இந்த மக்களுக்கு உலோக வேலை தெரியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அட்சிடி சானி என்பவர் ஒரு மெக்சிகோக் கொல்லரிடம் இரும்பு வேலை கற்று, பிறகு வெள்ளிக்கு வந்தார் என்றும், அவரே முதல் நவஹோ வெள்ளிக் கொல்லர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அவர் பெயருக்கே ‘முதிய கொல்லர்’ என்றுதான் பொருள். 1864இல் அமெரிக்கப் படை ஆயிரக்கணக்கான நவஹோக்களை ஊரைவிட்டுக் கிளப்பி, நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்து, கிழக்கு நியூ மெக்சிகோவில் இருந்த போஸ்க் ரெடோண்டோ முகாமில் அடைத்தது. 1868 ஜூன் மாத ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்கள் சொந்த நிலத்துக்குத் திரும்பினார்கள். வெள்ளி வேலை பரவலாக வேர்விட்டது அதற்குப் பிறகுதான்.

வெள்ளி எங்கிருந்து கிடைத்தது என்றால், நாணயங்களிலிருந்து. முதலில் அமெரிக்க வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். 1890 வாக்கில் அதற்குத் தடை இறுகியதும் மெக்சிகோவின் பேசோ நாணயங்களுக்கு மாறினார்கள். ஆலையில் செய்த வெள்ளித் தகடு பின்னால் வந்தது. நவஹோ மொழியில் வெள்ளியைப் ‘பேஷ் லிகாய்’ என்கிறார்கள்; வெண்ணிற உலோகம் என்று அதற்குப் பொருள். வெண்மையிலிருந்து வெள்ளி என்று பெயர் வைத்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கல் பதித்த நகை, கல்லிழைத்த நகை என்று பிரித்துச் சொல்கிறீர்களே, இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல, இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டால் கீழே வரும் கேள்விகளில் பாதி எளிதாகிவிடும். வெள்ளித் தளத்தின்மேல் ஒரு முழுக் கல்லை வைத்து, அதைச் சுற்றி மெல்லிய வெள்ளிப் பட்டையை எழுப்பி, பட்டையின் விளிம்பைக் கல்லின்மேல் மடித்துத் தேய்த்துப் பிடிக்கவைப்பது பதித்தல். சுமார் 1880 முதல் நவஹோக் கொல்லர்கள் டர்க்காய்ஸ் என்ற நீலக் கல்லை இப்படித்தான் வெள்ளியில் பதித்து வருகிறார்கள். அதில் கல் வெள்ளிக்கு மேலே குமிழ்போல் எழுந்து நிற்கும்.

இழைப்பு வேறு. வெள்ளியில் பள்ளமான அறைகளை அமைத்து, ஒவ்வோர் அறையின் வடிவத்துக்கும் ஏற்பக் கல்லை வெட்டிச் சாணை பிடித்து உள்ளே இறக்கி, கடைசியில் கல்லையும் வெள்ளியையும் சேர்த்து ஒரே மட்டமாகத் தேய்த்துவிடுவார்கள். விரலை ஓட்டினால் எங்கே வெள்ளி முடிகிறது, எங்கே கல் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியுமே ஒழிய விரலுக்குத் தெரியக்கூடாது. அறைகளுக்கு நடுவில் வெள்ளித் தடுப்பு இருந்தால் அதற்குச் சேனல் இன்லே என்று பெயர். தடுப்பே இல்லாமல் கல்லும் கல்லும் நேராக ஒட்டி நின்றால் அது மொசைக் வகை. கற்களை வேண்டுமென்றே வெவ்வேறு உயரத்தில் விட்டு, கூழாங்கல் பாவிய தெருவைப்போல் அமைப்பதும் உண்டு. அதைக் காபிள்ஸ்டோன் என்கிறார்கள்.

நம் ஊர் கெம்புக்கல் நகை மாதிரியா?

கண்ணுக்கு ஓர் உறவு தெரியலாம், வேலைமுறையில் உறவில்லை. கெம்பு நகையில் ஒவ்வொரு கல்லுக்கும் தனி வீடு உண்டு. ஒவ்வொரு கல்லும் தனித்தனியே புடைத்துத் தெரியும். நவஹோ இழைப்பில் எல்லாக் கற்களும் சேர்ந்து ஒரே பரப்பாகின்றன. கல்லின் ஒளி அங்கே பேச்சே இல்லை. நிறமும் கோடும்தான் பேச்சு. பயன்படும் கற்களில் பெரும்பாலானவை ஒளி ஊடுருவாதவை என்பதை அடுத்தடுத்த பதில்களில் பார்க்கலாம்.

இதை எப்படிச் செய்கிறார்கள்? மிஷினா, கையா?

இரண்டும் கலந்தது. வைர ரம்பமும் சாணைச் சக்கரமும் மின்சாரத்தில் சுழல்கின்றன. கல்லைப் பிடித்திருப்பது கை. முதலில் வெள்ளித் தகட்டில் வடிவத்தை வரைந்து அடித்தளத்தை அறுத்தெடுக்கிறார்கள். அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பட்டைகளை வேலிபோல் நிறுத்திப் பற்றவைக்கும்போது அறைகள் உருவாகின்றன. மோதிரத்தின் வளையம், காப்பின் ஓரப் பட்டை, தொங்கட்டானின் கண்ணி என்று நெருப்புப் பட வேண்டிய எல்லா வேலையும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிட வேண்டும், ஏனென்றால் கல் உள்ளே போன பிறகு நகை நெருப்பைத் தாங்காது. பழுதுபார்ப்பது பற்றிய கேள்விக்கு இந்த ஒரு வரிதான் பாதி பதில்.

அடுத்து கல். பாளமாக அறுத்த கல்லிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அறையில் வைத்துப் பார்த்து, சாணையில் ஒரு நூல் அளவு தேய்த்து, மறுபடி வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து, அறையின் நான்கு சுவரையும் அது தொடும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒரு முறை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் அந்தத் துண்டு வீண். பொருந்திய துண்டுகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது கல் வெள்ளியைவிடச் சற்று உயரமாகவே நிற்கும். பசை இறுகிய பின் முழுப் பரப்பையும் படிப்படியாக நுண்மையான தேய்ப்புத் தாள்களில் இறக்கி, கடைசியில் மெருகு ஏற்றுகிறார்கள்.

இதில் என்னை வியக்கவைப்பது, வெவ்வேறு கடினம் கொண்ட கற்கள் பக்கம் பக்கமாக இருப்பதுதான். டர்க்காய்ஸின் கடினம் மோஸ் அளவில் 5 முதல் 6 வரை, பவளத்துக்கு ஏறத்தாழ 3 முதல் 4 வரை, ஜெட் என்ற கறுப்புக் கல் அதையும்விட மென்மையாக இருக்கலாம். ஒரே அழுத்தத்தில் தேய்த்தால் மென்மையான கல் குழிந்துவிடும். நல்ல வேலையைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பரப்பு கண்ணாடிபோல் ஒரே சீராக இருக்கும். அவசர வேலையில் அலை அலையாகத் தெரியும்.

என்னென்ன கற்கள்? நிறங்களுக்கு அர்த்தம் ஏதாவது உண்டா?

முதலிடம் எப்போதும் டர்க்காய்ஸுக்கு. வட இந்தியர் பெரோசா என்று அழைக்கும் கல் இதுதான். செம்பும் அலுமினியமும் கலந்த பாஸ்பேட் கனிமம் இது. செம்புதான் இதன் நீலத்துக்குக் காரணம். அதனுடன் மத்தியதரைக் கடல் பவளம், கலிஃபோர்னிய வளைகுடாவின் செம்மஞ்சள் முள்சிப்பி, வெண்ணிற முத்துச்சிப்பி, நிலக்கரி இனத்தைச் சேர்ந்த கறுப்பு ஜெட் ஆகியவை வரும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆப்கானிஸ்தானின் லாபிஸ், தென்னாப்பிரிக்காவின் ஊதா நிறச் சுகிலைட், மாலகைட், ஓப்பல் ஆகியவையும் பட்டறைக்குள் வந்துவிட்டன. ஆகவே ஊதாக் கல் இருப்பதால் நகை போலி என்று சொல்ல முடியாது.

அர்த்தம் உண்டா என்றால், நான்கு பொருள்களுக்கு நிச்சயமாக உண்டு. நவஹோ நிலத்தை நான்கு புனித மலைகள் காக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. கிழக்கே பிளாங்கா சிகரத்துக்கு வெண்சிப்பி, தெற்கே டெய்லர் மலைக்கு டர்க்காய்ஸ், மேற்கே சான் பிரான்சிஸ்கோ சிகரங்களுக்கு அபலோன் சிப்பி, வடக்கே ஹெஸ்பெரஸ் சிகரத்துக்கு ஜெட். இந்த நான்கும் ஒரே நகையில் சேர்ந்திருந்தால் அது அழகுக்காக மட்டும் அமைந்த நிறச் சேர்க்கை அல்ல என்று கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் முக்கோணத்துக்கும் ‘மழை’, ‘நட்பு’, ‘நீண்ட ஆயுள்’ என்று பொருள் எழுதிய சிறு அட்டைகளைக் கடைகள் தருகின்றனவே, அவற்றில் பலவும் சுற்றுலாப் பயணிகளுக்காக வியாபாரிகள் கட்டிய கதைகள்.

இழைப்பு வேலை ஜூனி மக்களுடையது, நவஹோவுடையது அல்ல என்கிறார்களே?

இது நியாயமான ஐயம். ஜூனி என்பது கேலப்புக்குத் தெற்கே வாழும் வேறொரு மக்கள்; நிலையான ஊர்கள் அமைத்து வாழ்ந்துவரும் புவேப்லோ பழங்குடிகளில் ஒன்று. வெள்ளி வேலையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அட்சிடி சோன் என்ற நவஹோ என்பது வரலாறு. 1870களின் தொடக்கத்தில் லன்யாதே என்ற ஜூனி இளைஞர் அவரிடம் கற்றார். ஆனால் கல்லை வெட்டிப் பொருத்தும் கலையில் புவேப்லோ மக்களின் மரபு மிகப் பழையது. அவர்களுடைய முன்னோர் வாழ்ந்த சாக்கோ பள்ளத்தாக்கில் டர்க்காய்ஸ் கண்கள் பதித்த ஜெட் தவளை ஒன்று 1897இல் கிடைத்தது. அது வெள்ளி இந்தப் பக்கம் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அந்தக் கல் கலை வெள்ளிக்குள் இறங்கியபோது ஜூனி கைகளே முன்னால் நின்றன.

பழைய வேலைகளைப் பொறுத்தவரை, கனத்த வெள்ளியும் அச்சடித்த வேலைப்பாடும் நவஹோ, சிறு கற்களும் பறவை உருவங்களும் கொண்ட மொசைக் ஜூனி என்று மேலோட்டமாகப் பிரிக்கலாம். கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. கலப்பு மணங்கள் உண்டு. ஒரே பட்டறையில் இருவரும் வேலை செய்ததும் உண்டு. வடிவத்தை மட்டும் பார்த்து ‘இது நவஹோ’ என்று அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை. செய்தவர் பெயர் தெரிந்தால்தான் உறுதி.

பெயர் பெற்ற நவஹோக் கலைஞர்கள் யார்? யாருடைய வேலையைப் பார்த்துப் பழகலாம்?

கென்னத் பிகே (1913–1977) என்பவரிலிருந்து தொடங்கலாம். நவீன நவஹோ நகையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்; கல்லுக்குப் பதிலாகக் கரிய அயர்ன்வுட் மரத்தை வெள்ளியில் இழைத்தவர். ஹோப்பி இனத்தவரான சார்லஸ் லோலோமா (1921–1991) நவஹோ அல்லர் என்றாலும் அவரைச் சொல்லாமல் விட முடியாது. கற்களை வெவ்வேறு உயரத்தில் நிறுத்தும் வேலைக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தவர் அவர். மோதிரத்தின் உட்புறத்திலும் கல் இழைத்தார். வெளியே யாருக்கும் தெரியாது, அணிந்தவருக்கு மட்டும் தெரியும்.

நவஹோ, ஹோப்பி இரு வழியிலும் வந்த ஜெசி மொனோங்யா இரவு வானத்தையும் கரடி உருவத்தையும் இழைத்துப் புகழ் பெற்றவர்; ஒரு தொங்கட்டானுக்குள் கறுப்பு வானமும் விண்மீன்களும் நிலவும் இருக்கும். கேலப் அருகிலுள்ள யாஸி குடும்பத்தாரின், முக்கியமாக லீ, ரேமண்ட் சகோதரர்களின், வேலைக்காகவே 2014இல் நியூயார்க்கில் உள்ள அமெரிக்கப் பழங்குடியினர் தேசிய அருங்காட்சியகம் தனிக் கண்காட்சி நடத்தியது. மணலளவு துண்டுகளால் தெய்வ உருவங்களை அமைத்த கார்ல், ஐரீன் கிளார்க் தம்பதியினரையும் சேர்த்துக்கொள்ளலாம். இவர்களுடைய நகைகள் நம் கைக்கு எட்டும் விலையில் இருக்காது. கண்ணைப் பழக்கிக்கொள்ளப் படங்கள் போதும்.

நான் வாங்கியதில் இருப்பது அசல் டர்க்காய்ஸா?

‘அசலா, போலியா’ என்று இரண்டாகப் பிரித்தால் பதில் கிடைக்காது. நடுவில் படிகள் இருக்கின்றன. வெட்டி மெருகிட்டதைத் தவிர வேறு எதுவும் செய்யாத இயற்கைக் கல் முதல் படி. பூமியிலிருந்து வரும் டர்க்காய்ஸில் பெரும்பகுதி சுண்ணாம்புக் கட்டிபோல் மென்மையானது. அதனுள் பிசினைச் செலுத்தி இறுக்கினால் அது ஸ்டெபிலைஸ்டு கல், இரண்டாம் படி. சாயமும் ஏற்றியது மூன்றாம் படி. கல் தூளைப் பிசினோடு பிசைந்து அச்சில் வார்த்தது நான்காவது. சில நேரம் அதில் கல்லே இருக்காது. கடைசியாக, ஹௌலைட் போன்ற வெண்ணிறக் கல்லுக்கு நீலச் சாயம் ஏற்றி டர்க்காய்ஸ் என்று விற்பது.

இரண்டாம் படியை நான் குறையாக நினைப்பதில்லை, குறிப்பாக இழைப்பு வேலையில். மெல்லிய துண்டாக வெட்டும்போது மென்மையான கல் உடையும். இறுக்கிய கல் நிற்கும். வியர்வையிலும் எண்ணெயிலும் நிறம் மாறுவதும் குறையும். ஸ்டெபிலைஸ்டு கல்லை இயற்கைக் கல் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால்தான் ஏமாற்று. வெறும் கண்ணால் இரண்டையும் பிரிப்பது வியாபாரிகளுக்கே கடினம். பிசின் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை செய்தால் தெரியும். சூடான ஊசியால் குத்தி மோந்து பார்க்கச் சொல்லும் காணொளிகளை நம்பி நல்ல நகையைப் பாழாக்கிவிட வேண்டாம்.

‘ஸ்லீப்பிங் பியூட்டி’ என்று சொல்லி அதிக விலை கேட்கிறார்கள். அது என்ன?

அரிசோனாவில் குளோப் என்ற ஊருக்கு அருகிலிருந்த சுரங்கத்தின் பெயர். கோடுகளோ கறைகளோ இல்லாத, தெளிந்த வானத்தின் நீலம் அதில் கிடைத்தது. இழைப்புக் கலைஞர்களுக்கு அது மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் பல துண்டுகளை ஒரே நிறத்தில் சேர்க்க முடியும். 2012இல் அங்கே டர்க்காய்ஸ் எடுப்பது நின்றது. விலை ஏறியது அதன் பிறகே. பிஸ்பீ சுரங்கம் 1970களிலேயே நின்றுவிட்டது. கிங்மன் இன்னும் இயங்குகிறது. வெட்டிப் பொருத்திய சிறு துண்டைப் பார்த்து அது எந்தச் சுரங்கத்துக் கல் என்று உறுதியாகச் சொல்வது அரிது. ஆகவே சுரங்கப் பெயருக்காகக் கூடுதல் பணம் கேட்டால், அந்தப் பெயரை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கல்லே இல்லாமல் நீலத் தூளாக இருக்கிறதே, ஏமாந்துவிட்டேனா?

அவசியமில்லை. டர்க்காய்ஸ், பவளச் சில்லுகளைப் பிசினில் கலந்து வெள்ளிப் பள்ளத்தில் நிரப்பி, இறுகிய பின் மட்டமாகத் தேய்ப்பது சிப் இன்லே என்ற தனி வகை. 1970களில் அதைப் பரப்பியவர் டாமி சிங்கர் என்ற நவஹோக் கலைஞர். துண்டு துண்டாகப் பொருத்தும் வேலையைவிட உழைப்புக் குறைவு. விலையும் குறைவாக இருக்க வேண்டும். அதே விலை சொன்னால் யோசிக்கலாம்.

ஆறு கிராம் வெள்ளிக்கு இவ்வளவு விலையா? செய்கூலி, சேதாரம் எவ்வளவு சதவீதம்?

நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. இந்த நகையைத் தராசில் வைத்து விற்பதே இல்லை. வெள்ளியின் விலை மொத்தத்தில் சிறு பங்கு. மீதி கல்லும், முன்பு சொன்ன அந்தத் திரும்பத் திரும்பத் தேய்க்கும் நேரமும், செய்தவரின் பெயரும். திருப்பி விற்கும்போதும் அப்படியே: பெயருள்ள கலைஞரின் வேலையைச் சேகரிப்பாளர் நல்ல விலைக்கு எடுக்கலாம், ஆனால் நம் ஊர் அடகுக்கடையில் வைத்தால் கல்லின் எடையைக் கழித்துவிட்டு மீதி வெள்ளிக்கு மட்டும் விலை போடுவார்கள். சேமிப்பாக நினைத்து வாங்குவதானால் இது வேண்டாம் என்றே சொல்வேன்.

‘925’ என்று முத்திரை இருந்தால் நவஹோ நகை என்று அர்த்தமா?

இல்லை. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. உலகில் யார் வேண்டுமானாலும் அதைக் குத்தலாம். நாணயத்தை உருக்கிச் செய்த பழைய நகைகளில் வெள்ளி 90 சதவீத அளவில்தான் இருக்கும். அது குறையல்ல, வயதின் அடையாளம். ஜெர்மன் சில்வர், நிக்கல் சில்வர் என்ற பெயர்களில் மட்டும் கவனம் தேவை: அவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தவை, வெள்ளி துளியும் இல்லை.

போலி விற்றால் சட்டம் ஏதும் இல்லையா?

கடுமையான சட்டமே இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி (இங்கே ‘இந்திய’ என்பது அமெரிக்கப் பழங்குடியினரைக் குறிக்கும், நம் நாட்டை அல்ல), அங்கீகரிக்கப்பட்ட பழங்குடியைச் சேர்ந்தவரோ அந்தப் பழங்குடியின் சான்று பெற்ற கைவினைஞரோ செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது குற்றம். முதல் முறையிலேயே தனிநபருக்கு 2,50,000 டாலர்வரை அபராதமோ ஐந்தாண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனத்துக்கு அபராதம் 10 லட்சம் டாலர்வரை போகலாம். பிலிப்பைன்ஸில் செய்த நகைகளைப் பழங்குடியினர் செய்தவை என்று விற்ற அல்புகர்க்கி நகர வியாபாரி ஒருவருக்கு 2018இல் ஆறு மாதச் சிறை கிடைத்தது.

சட்டம் பார்ப்பது சொல்லைத்தான். ‘நவஹோ செய்தது’ என்றால் சட்டத்துக்குள் வரும். ‘தென்மேற்குப் பாணி’ என்று மட்டும் எழுதி வைத்தால் வேறு நாட்டில் செய்த நகையைத் தாராளமாக விற்கலாம். ஒரு கடையில் நான் கேட்டபோது விற்பனையாளர் ‘பழங்குடி வடிவமைப்பு’ என்று மூன்று முறை சொன்னார். ‘பழங்குடியினர் செய்தது’ என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. அந்த வேறுபாடு காதில் விழ வேண்டும்.

பாட்டியிடமிருந்து வந்தது என்று ஒருவர் விற்கிறார். முத்திரையே இல்லை. போலியா?

முத்திரை இல்லாததை வைத்து மட்டும் தள்ள முடியாது. 1930களுக்கு முன் கொல்லர்கள் தம் குறியைப் பதிப்பது மிக அரிது. 1970களுக்குப் பிறகே அது பொதுவழக்கம் ஆயிற்று. மறுபக்கம், முத்திரை இருப்பதும் சான்றாகாது. புகழ்பெற்ற குறிகளைப் போலியாகக் குத்துபவர்கள் உண்டு. இழைப்பு வேலையைப் பொறுத்தவரை ஒரு சிறு சோதனை சொல்லலாம்: மிகப் பழையது என்று காட்டப்படும் நகையில் சுகிலைட் போன்ற ஊதாக் கல் இருந்தால், கற்கள் பற்றிய பதிலை நினைவுகூருங்கள், அந்தக் கல் பட்டறைக்கு வந்ததே அண்மையில்தான்.

‘டெட் பான்’ என்று போட்டு விற்கிறார்களே, இறந்தவர் நகையா?

பலரை மிரளவைக்கும் சொல் இது. பொருள் மிகச் சாதாரணம்: அடகில் மூழ்கிய நகை. நவஹோ தேசத்தின் வணிக நிலையங்களில் மக்கள் தங்கள் நகையை அடகு வைத்து மாவும் காப்பியும் வாங்கி, ஆட்டு மயிர் விற்கும் பருவத்தில் மீட்பது நெடுநாள் வழக்கம். மீட்காமல் போனது விற்பனைக்கு வரும். சொந்த உபயோகத்துக்காகச் செய்தது என்பதால் அத்தகைய நகைக்குக் கனமும் தரமும் அதிகம் என்ற மதிப்பு உண்டாயிற்று. அந்த மதிப்புக்காகவே இன்று புதிய நகைக்கும் அந்தச் சீட்டை ஒட்டுகிறார்கள். 1970களில் அரசு விதிகள் இறுகிய பின் அடகுத் தொழில் கேலப் போன்ற எல்லை நகரங்களுக்கு நகர்ந்தது. பழைய அடகுச் சீட்டு கூடவே இருந்தால் சுவையான சான்று; வெறும் வாய்ச்சொல்லுக்குக் கூடுதல் விலை தேவையில்லை.

பழைய வெள்ளிக் காப்பில் சுவஸ்திக் பார்த்தேன். அப்படியானால் இந்தியாவில் செய்ததா?

இருக்க வேண்டியதில்லை. ‘சுழலும் கட்டைகள்’ என்ற பொருளில் அந்த வடிவம் நவஹோக்களிடம் தனியாகவே இருந்தது. சமயச் சடங்கின் மணல் ஓவியங்களில் வரும். சுற்றுலா வியாபாரம் அதை வெள்ளியிலும் கம்பளத்திலும் பரப்பியது. நாஜிகளின் சின்னமாக அது மாறியதும், 1940இல் நவஹோ, ஹோப்பி உள்ளிட்ட நான்கு பழங்குடிகளின் பிரதிநிதிகள் இனி அதைத் தங்கள் கைவினையில் பயன்படுத்துவதில்லை என்று அறிக்கையில் ஒப்பமிட்டார்கள். எனவே அது இருக்கும் நவஹோ நகை பெரும்பாலும் 1940க்கு முற்பட்டது.

வெள்ளி கறுத்துவிட்டது. புளி போட்டு விளக்கலாமா?

கூடவே கூடாது. பவளமும் சிப்பியும் சுண்ணாம்புப் பொருள். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவானாலும் அமிலம் அவற்றை அரித்துவிடும். விபூதியும் பல்பொடியும் மென்மையான கல்லைக் கீறும். கடையில் விற்கும் வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கினால் டர்க்காய்ஸின் நிறமும் மெருகும் போய்விடும். நகை கழுவும் அதிர்வலைக் கருவியில் போட்டால் பசை விடும். வெள்ளி துடைக்கும் மென்துணியால், கல்லின்மேல் படாமல் வெள்ளியை மட்டும் துடைத்தால் போதும். பள்ளங்களில் இருக்கும் கறுப்பு பெரும்பாலும் வேண்டுமென்றே விட்டது. அதைச் சுரண்ட வேண்டாம். தேங்காய் எண்ணெய், மஞ்சள், சந்தனம், வாசனைத் திரவியம் எல்லாம் முடிந்த பின் கடைசியாக அணிந்து, முதலில் கழற்றுவது நல்ல பழக்கம்.

மோதிரம் சிறிதாக இருக்கிறது. நம் பத்தரிடம் கொடுத்துப் பெரிதாக்கலாமா?

விரலைச் சுற்றி முழுவதும் கல் இழைத்த மோதிரம் என்றால் முடியாது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வெட்டிப் பற்றவைக்க நெருப்பு வேண்டும். செய்முறையில் சொன்னபடி நெருப்பு பட்டால் பசை எரிந்து கல் வெடிக்கும். மேற்பகுதியில் மட்டும் இழைப்பு உள்ள மோதிரத்தைக் கல் சூடாகாமல் காத்துப் பெரிதாக்கத் தெரிந்தவர்கள் உண்டு. எவ்வளவு திறமையான பத்தரானாலும் இந்த வேலையைப் பார்த்திராதவரிடம் கொடுப்பது ஆபத்து. ஒரு கல் மட்டும் விழுந்திருந்தால், விழுந்த துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அதே நிறத்தில் வேறு துண்டு கிடைப்பதுதான் கடினம், ஒட்டுவது அல்ல.

வாய் திறந்த காப்பிலும் இதே சிக்கல். வெறும் வெள்ளிக் காப்பைச் சிறிது நெளித்துக்கொள்ளலாம். வளைவின்மேல் கல் இழைத்திருந்தால் நெளிக்கும்போதே கல் விண்டுபோகும். வாங்கும்போதே மணிக்கட்டின் பக்கவாட்டிலிருந்து வாய்வழியாக நுழைத்து, திருப்பி, விரிக்காமல் அணிய முடிகிறதா என்று பாருங்கள்.

நேராக அவர்களிடமே வாங்க எங்கே போகலாம்? பேரம் பேசலாமா?

நான்கு மாநிலங்கள் சந்திக்கும் ஃபோர் கார்னர்ஸ் நினைவிடத்திலும், கேமரன் அருகே நெடுஞ்சாலை ஓரங்களிலும் நவஹோ விற்பனையாளர்கள் கடை போடுகிறார்கள். சாண்டா ஃபே நகரில் ஆளுநர் மாளிகையின் முன் தாழ்வாரத்தில் பழங்குடிக் கைவினைஞர்கள் அமர்ந்து விற்கிறார்கள்; நகையில் செய்தவரின் குறி இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த நகரத்தில் 1922 முதல் ஆண்டுதோறும் கூடும் இந்தியச் சந்தைக்கு முன்னணிக் கலைஞர்கள் வருவார்கள். நவஹோ தேசத்தின் சொந்தக் கைவினை நிறுவனமும் பல ஊர்களில் கடை வைத்திருக்கிறது.

பேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று நகை சேர்த்து வாங்கும்போது மரியாதையாக ஒரு விலை கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பாதி விலைக்குக் கேட்டு இழுப்பது நம்மிடையே விளையாட்டாக இருக்கலாம். செய்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அது அவருடைய உழைப்புக்கு விலை குறைப்பதாகவே படும். அதைவிட, ‘நீங்கள் செய்ததா, உங்கள் குடும்பத்தார் செய்ததா?’ என்று கேளுங்கள். தாயோ மைத்துனரோ செய்ததை விற்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பிறகு ரசீதில் செய்தவர் பெயர், அவருடைய பழங்குடி, வெள்ளியின் தரம், கல் இயற்கையா ஸ்டெபிலைஸ்டா என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாள் இல்லை என்றால் அட்டையின் பின்புறம் எழுதினாலும் போதும்.